துங்கபத்திரா: தலைமடையிலிருந்து கடைமடைக்கு ஆறு நாள்

முதல் நாள், பெங்களூரு

அல்சூர் ஏரிக்கரையை ஒட்டிய தேநீர்க் கடையில் உட்கார்ந்து வழித்தடத்தை முடிவு செய்தோம். நான்கு பேர், எல்லாரும் பெங்களூருத் தமிழர்கள். கால்வாய், மதகு, மின்நிலையம், மண் என்று ஆளுக்கொரு வேலை. எங்களைப் பற்றி இவ்வளவு போதும்.

போகும் இடம் கர்நாடகத்தில் ஹொஸபேட்டை அருகேயுள்ள துங்கபத்திரா அணை. அங்கிருந்து இடதுகரைக் கால்வாயோடு கடைமடை வரை போகப் போகிறோம். வறண்ட பள்ளத்தாக்கில் பெரிய பாசனத் திட்டமும் புனல் மின்சாரமும் சேர்ந்து போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, பெங்களூரிலிருந்து ஓரிரவுத் தொலைவில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மழை பெய்வது மலைநாட்டில். துங்காவும் பத்ராவும் சிவமொக்கா அருகே கூட்லியில் சேர்ந்து வடகிழக்காக ஓடி வரும்போது, இரு கரையிலும் நிலம் காய்ந்துகொண்டே போகிறது. ராய்ச்சூர், பல்லாரிப் பக்கம் ஆண்டு மழை சுமார் 500 முதல் 600 மி.மீ. அதுவும் இஷ்டத்துக்குப் பெய்யும். 1876-78 பஞ்சத்தில் பல்லாரி மாவட்டம் பட்ட பாட்டுக்குக் காரணம் தண்ணீரே இல்லாதது அல்ல. தண்ணீர் ஆற்றில் போனது, வயலுக்கு ஏறவில்லை.

புறப்படுமுன் எல்லாரும் செய்யும் முதல் வேலை வரைபடம் எடுப்பது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள்களில் சம உயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். மலையேற அது போதும், கால்வாய்க்குப் போதாது. பெரிய கால்வாயின் சரிவு 8,000 மீட்டருக்கு 1 மீட்டர் என்று வைத்தால், ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு இறங்க 160 கி.மீ. ஓட வேண்டும். துங்கபத்திரா இடதுகரைக் கால்வாயின் மொத்த நீளமே 227 கி.மீ. அதாவது முழுக் கால்வாயும் அந்தத் தாளில் ஒன்றரைக் கோட்டுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் லெவல் (நில மட்டம்) எடுப்பவர்கள் அரை மீட்டர் இடைவெளியில், சில இடங்களில் இன்னும் நெருக்கமாக எடுக்கிறார்கள். இந்த இடத்தில் 30 செ.மீ. தப்பினால் கடைசியில் சில ஆயிரம் ஏக்கர் கால்வாயை விட மேட்டில் போய் நிற்கும்.

பெங்களூருக்காரர்களுக்கு இன்னொரு பழைய பாடமும் உண்டு. சிவனசமுத்திரத்தில் உண்டாக்கிய மின்சாரம் 1902-ல் கோலார் தங்கவயலுக்குப் போனது, 1905-ல் பெங்களூர் தெருவிளக்குக்கு வந்தது. தங்கவயல் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். சுரங்கத்துக்கு மின்சாரம் வருடம் முழுவதும் ஒரே அளவில் வேண்டும், காவிரியோ கோடையில் இளைத்துவிடும். கிருஷ்ணராஜசாகர் கட்டியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மின்நிலையம் தினமும் ஒரே அளவு தண்ணீர் கேட்கும். வயல் பருவத்துக்கு மட்டும் கேட்கும், கேட்கும்போது மொத்தமாகக் கேட்கும். இந்த இரண்டையும் ஒரே ஏரியில் கட்டிவைத்தால் யார் விட்டுக்கொடுப்பது? துங்கபத்திராவில் அந்தக் கேள்வி கால்வாய் நெடுக வந்துகொண்டே இருக்கும்.

இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ்.

இரண்டாம் நாள், ஹொஸபேட்டை

காலையில் இறங்கி, இட்லி வடை முடித்து, நேராக அணைக்கு. பொதுமக்களை அணை மேல் விடுவதில்லை. குன்றின் மேலுள்ள விருந்தினர் மாளிகைப் பக்கம் ஏறினால் நீர்ப்பரப்பும் 33 மதகுகளும் ஒரே பார்வையில் வந்துவிடும்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. ஆர்தர் காட்டன் 1860 வாக்கிலேயே இங்கே தேக்கலாம் என்றார். மதராஸ் மாகாணத்துக்கும் ஐதராபாத் நிஜாமுக்கும் பங்கு பேசி முடிய 1944 ஆகிவிட்டது. 1945 பிப்ரவரியில் அடிக்கல். இடது பாதி ஐதராபாத் பொறுப்பு, வலது பாதி மதராஸ் பொறுப்பு. மதராஸ் பக்கம் தலைமைப் பொறியாளராக நின்றவர் திருமலை அய்யங்கார். 1953 ஜூலையில் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆந்திரம் பிரிந்து பல்லாரி மைசூருக்குப் போனது. கட்டும்போது மதராஸ் கணக்கில் இருந்த கரை, தண்ணீர் வந்த மூன்றாம் மாதம் வேறு மாநிலம்! அதற்காகவே துங்கபத்திரா வாரியம் என்ற பொது அமைப்பு வந்தது. வலதுகரையின் பங்கீட்டை இன்றும் அதுதான் பார்க்கிறது.

கல் கட்டுமானம், சுண்ணாம்பும் சுட்ட மண்தூளும் கலந்த சுர்க்கிச் சாந்து. முல்லைப் பெரியாறு பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. நீளம் ஏறக்குறைய இரண்டரை கி.மீ., உயரம் அடித்தளத்திலிருந்து 49 மீட்டருக்குச் சற்று மேல். முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,633 அடி. அந்த மட்டத்தில் நீர்ப்பரப்பு 378 சதுர கி.மீ. சுமார் தொண்ணூறு கிராமங்கள் இதற்குள்ளே.

இந்த 378-ஐ மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அகலமாக, ஆழம் குறைவாக இருக்கும் ஏரி வறண்ட ஊரில் பெரிய செலவாளி. ஐப்பசியில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தால், முழு ஏரியிலிருந்து ஒரு நாளில் போவது கிட்டத்தட்ட 19 லட்சம் கன மீட்டர். வினாடிக்கு 770 கன அடி வீதம் 24 மணி நேரமும் வானத்துக்கு ஒரு கால்வாய் ஓடுவதாக நினைத்துக்கொள்ளலாம். இடதுகரைக் கால்வாயின் முழு அளவு 4,100 கன அடி. திட்டம் போடும்போது ஆவியாதலை ஆண்டுச் சராசரியாக மட்டும் எழுதிவிட்டு மாதவாரியாக எழுதாமல் விடுவது பலர் செய்யும் தவறு. இரண்டாம் போகத்துக்கு இருக்கும் என்று நம்பும் தண்ணீரில் ஒரு பங்கு மாசி, பங்குனியில் காணாமல் போவது அப்படித்தான்.

இனி மதகு. ஒவ்வொன்றும் 60 அடி அகலம், 20 அடி உயரம், சங்கிலியில் தொங்கும் தூக்கு மதகு. 1,633-லிருந்து 20 அடி கழித்தால் 1,613. அந்த மட்டத்துக்கு மேல் நிற்கும் தண்ணீர் முழுக்க இந்த இரும்புத் தகடுகளின் கையில்தான். ஏரி மேலே போகப் போக அகலமாவதால் மொத்தக் கொள்ளளவில் பாதிக்கும் மேல் அந்தக் கடைசி 20 அடியில் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 10 இரவு 19-ம் எண் மதகின் சங்கிலி அறுந்து, மதகு அடித்துச் செல்லப்பட்டது. ஏரி நிரம்பியிருந்த நேரம். அப்படி ஆனால் ஸ்டாப்லாக் என்ற தற்காலிகத் தடுப்பை மதகுக்கு முன்பக்கம் இறக்க வேண்டும். அது தயாராக இல்லை, செய்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது. மற்ற மதகுகளையும் திறந்து மட்டத்தைக் குறைத்தார்கள். மதகு நிபுணர் கண்ணையா நாயுடு வழிகாட்ட, தடுப்பை ஒரே பலகையாக இல்லாமல் கிடைமட்டத் துண்டுகளாகச் செய்து, ஓடும் நீரிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி ஒரு வாரத்துக்குள் அடைத்தார்கள். அதற்குள் முப்பது டி.எம்.சி.க்கு (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) மேல் ஆற்றோடு போய்விட்டது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் போனது நினைவிருக்கும். அங்கே ஆற்று அடித்தளமும் தூண்களும் சம்பந்தப்பட்ட கதை. இங்கே ஒரு சங்கிலி.

மதகு வாங்கும்போதே அதே விலைப்பட்டியலில் குறைந்தது ஒரு செட் ஸ்டாப்லாக், அதை இறக்கும் நகரும் கிரேன், அது உட்காரும் பள்ளம் மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். சங்கிலிக் கண்ணிகளை ஆண்டுதோறும் கழுவி, விரிசலுக்குள் மை ஊறிக் காட்டிக்கொடுக்கும் சாய மைச் சோதனை செய்ய வேண்டும். விரிசல் பெரும்பாலும் கண்ணிகளை இணைக்கும் ஆணி நுழையும் துளையின் விளிம்பில்தான் தொடங்கும், கிரீஸ் பூசிய மேல்பார்வைக்குத் தெரியாது. உருளை துருப்பிடித்து இறுகினால் சங்கிலி மதகின் எடையோடு உராய்வையும் சேர்த்து இழுக்கிறது. எழுபது வருடம் அப்படி இழுத்த சங்கிலியைப் பெயின்ட் அடித்து இளமையாக்க முடியாது.

மூன்றாம் நாள், ஹம்பிப் பக்கம்

இன்று மின்சாரம். ஆனால் வழியில் துருத்து வாய்க்காலைத் தாண்டாமல் போக முடியாது. விஜயநகரக் காலத்துத் தடுப்பணையிலிருந்து வரும் வாய்க்கால், இன்றும் வாழைக்கும் கரும்புக்கும் பாய்கிறது. பாறைகளுக்கு நடுவே அந்தப் பச்சை ஒரு நாடா மாதிரி போகும். ராய, பசவண்ண வாய்க்கால்களின் பழைய தடுப்பணை ஏரிக்குள் மூழ்கிவிட்டதால் அவற்றுக்கு இப்போது ஏரியிலிருந்தே தண்ணீர். விஜயநகரத்தார் ஆற்றை முழுக்க மறிக்கவில்லை. கல்லை அடுக்கி மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஓரமாகத் திருப்பிக்கொண்டார்கள். தேக்கம் இல்லாததால் வண்டல் சேரவில்லை. கோடைக்குச் சேமிப்பும் இல்லை. பாசனப் பரப்பும் ஆற்றங்கரையை விட்டு ரொம்ப தூரம் போகவில்லை. அதைக் காட்டி ‘பழையதே மேல்’ என்று பேசுபவர்கள், இடதுகரைக் கால்வாயின் ஆறு லட்சம் ஏக்கர் வேறு, ஆற்றோர வாழைத்தோப்பு வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வலதுகரையில் அணையின் காலடியில் ஒரு மின்நிலையம், அங்கிருந்து கால்வாயில் 22.5 கி.மீ. ஓடி ஹம்பியில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து 72 மெகாவாட். இடதுகரையில் முனிராபாத்தில் 28. ஆக மொத்தம் 100 மெகாவாட்டை ஒட்டி. நாளை மறுநாள் போகும் ராய்ச்சூரின் அனல் மின்நிலையத்தில் ஒரு பழைய மின்னாக்கி மட்டுமே 210 மெகாவாட்.

கணக்கு எளிது. வினாடிக்கு 1 கன மீட்டர் நீர் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், 85 சதவீதத் திறனில் கிடைப்பது சுமார் 167 கிலோவாட். 1 டி.எம்.சி. முழுவதும் அதே உயரத்தில் இறங்கினால் 13 லட்சம் யூனிட். கேட்க நிறைய மாதிரி இருக்கிறதா? காவிரித் தண்ணீர் பெங்களூருக்கு ஏறுவது சுமார் 500 மீட்டர். ஒரு கன மீட்டரை அவ்வளவு ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்தால் 1.8 யூனிட் ஆகும். இங்கே ஒரு கன மீட்டர் இறங்கினால் கிடைப்பது 0.05 யூனிட்டுக்கும் குறைவு.

ஏரி மட்டம் கோடையில் இறங்க, விழும் உயரமும் குறையும். அதனால் இந்த அளவு உயரத்துக்கு இதழ்க் கோணம் மாறும் காப்லான் டர்பைன்தான் வழக்கமாகப் பொருந்தும். இதழ் நிலையாக இருக்கும் வகை, பாதி உயரத்தில் ஓட்டினால் அதிரும், இதழின் பின்புறம் குழிகுழியாக அரித்துவிடும். அதைவிட முக்கியம், கால்வாய் மூடினால் டர்பைனும் நின்றது. வாரியம் தண்ணீர் விடுவது வயலின் அட்டவணைப்படி. ஆவணி முதல் கார்த்திகை வரை டர்பைனுக்குக் கொண்டாட்டம், சித்திரையில் விடுமுறை. எனவே திட்ட அறிக்கையில் 100 மெகாவாட் என்று எழுதுவதோடு நிறுத்தாமல், எத்தனை மாதம் ஓடும் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். பாசனத்துக்கு நான்கில் மூன்று ஆண்டு கிடைக்கும் தண்ணீரை நம்பித் திட்டமிடுவது வழக்கம், மின்சாரத்துக்குப் பத்தில் ஒன்பது ஆண்டு. ஒரே ஆற்றின் இரண்டு எண்களையும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறோம்.

வலதுகரை மேல்மட்டக் கால்வாயின் கதை வேறு. அனந்தபூர்ப் பக்கத்து மேட்டு நிலத்தை எட்ட வேண்டும் என்பதால் அதை ஏரியின் மேல் மட்டத்திலிருந்தே எடுத்தார்கள். ஆகவே அந்தத் தண்ணீர் அணையடி டர்பைனைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மீட்டர் உயரத்தையும் நிலத்துக்குக் கொடுக்கிறோமா, டர்பைனுக்குக் கொடுக்கிறோமா என்று பிரிக்க வேண்டியிருந்தது. இங்கே நிலம் ஜெயித்தது. பஞ்சம் பார்த்த மாவட்டத்தில் அது சரியான முடிவு என்பதே எங்கள் கட்சி.

நான்காம் நாள், கங்காவதி

ஆற்றைத் தாண்டி இடதுகரைக்கு வந்துவிட்டோம். முனிராபாத்திலிருந்து கால்வாய்க் கரையோடு வண்டி. நெல் கதிர் முற்றி நிற்கிறது, கண்ணுக்கெட்டிய வரை. சாலையோரம் அரிசி ஆலைகள். தெலுங்கு பேசும் ‘கேம்ப்’ ஊர்கள். ஐம்பதுகளிலும் அதற்குப் பிறகும் கடலோர ஆந்திரத்திலிருந்து வந்து நிலம் வாங்கிக் குடியேறியவர்கள், நெல் தெரிந்தவர்கள். கர்நாடகத்தின் நெற்களஞ்சியம் என்று கங்காவதியைச் சொல்வார்கள்.

ஆனால் இந்த நிலத்தின் பெரும்பகுதிக்கு நெல் என்று திட்டத்தில் எழுதவே இல்லை.

மூலத் திட்டம் பஞ்சக் காப்புப் பாசனம். நெல்லுக்குச் சிறு பங்கு, மிச்சமெல்லாம் சோளம், பருத்தி, நிலக்கடலை போன்ற புன்செய்ப் பயிர். எந்த சர்வே எண்ணுக்கு எந்தப் பயிர் என்று குறித்தே ஒதுக்கினார்கள். அதற்கு ‘லோக்கலைசேஷன்’ என்று பெயர், விவசாயிகள் வாயிலும் அதே சொல்தான். கொஞ்சம் தண்ணீரை நிறையப் பேருக்குப் பரப்புவது என்ற எண்ணம்.

ஏன் அப்படி என்பதற்குக் கணக்கு. நெல்லுக்கு வயலில் 1.2 மீட்டர் ஆழத் தண்ணீர், கால்வாயில் விட்டதில் 60 சதவீதம் வயல் சேர்கிறது என்றால், தலைப்பில் 2 மீட்டர் விட வேண்டும். 1 டி.எம்.சி. என்பது 2.83 கோடி கன மீட்டர். அதில் 3,500 ஏக்கர் நெல் விளையும். புன்செய்க்கு வயலில் 0.45 மீட்டர் போதும் என்றால் அதே 1 டி.எம்.சி. 9,300 ஏக்கருக்குப் போகும். தலைமடையில் ஒருவர் சோளத்தை விட்டு நெல் வைத்தால், கால்வாயின் கீழே யாரோ ஒன்றரைப் பேருக்கு மேல் தண்ணீர் இழக்கிறார்கள். அந்த யாரோ யார் என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது, 150 கி.மீ. தள்ளி இருக்கிறார்.

கால்வாய் கட்டி முடித்த முதல் சில ஆண்டுகளில்தான் இது தொடங்குகிறது. கடைமடைக் கிளைகள் இன்னும் வெட்டி முடியாமல் இருக்கும், தண்ணீரோ ஏரியில் நிறைய இருக்கும். தலைமடைக்காரர் நெல் வைக்கிறார், அதிகாரி கண்டுகொள்வதில்லை. பத்து வருடத்தில் வயல் சமன் செய்து, வரப்பு உயர்த்தி, ஆலை கட்டி, கடன் வாங்கி ஆகிவிட்டது. பிறகு கடைமடை தயாராகி வரும்போது ‘சோளத்துக்குத் திரும்பு’ என்றால் யார் திரும்புவார்? பெரிய அணைகளில் கால்வாயைக் கடைசி வரை வெட்டி முடித்துவிட்டுத் தண்ணீர் திறப்பது நல்லது. அரசியலில் அது நடக்காது என்பதும் தெரியும்.

நம் கீழ்பவானியில் இதே சிக்கலை வேறு மாதிரி கையாண்டார்கள். இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கர், ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு பருவம் நெல், இரட்டைப்படைக்கு அடுத்த பருவம் புன்செய், மறு ஆண்டு மாற்றி. யார் எப்போது நெல் வைப்பது என்பதை நிலம் தீர்மானிப்பதில்லை, மதகு எண் தீர்மானிக்கிறது. சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவருக்கு என்றென்றும் நெல், இன்னொருவருக்கு என்றென்றும் சோளம் என்ற ஏற்பாட்டைவிடத் தாக்குப்பிடிக்கிறது.

மடை எப்படி ஏமாற்றப்படுகிறது என்பதையும் கரையில் நின்று பார்க்கலாம். வாய்க்காலிலிருந்து வயலுக்குப் போகும் குழாயில் வரும் நீர், குழாய்க்கு மேல் நிற்கும் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. மடைக்குச் சற்றுக் கீழே கல்லும் கிளையும் போட்டு வாய்க்காலைத் தடுத்து அந்த உயரத்தை இரட்டிப்பாக்கினால், நீர் 41 சதவீதம் கூடும். குழாயை உடைக்க வேண்டாம், பூட்டைத் தொட வேண்டாம். சோதனைக்கு யாராவது வந்தால் கல்லை எடுத்துவிட்டால் போதும். இது போதாதவர்கள் கரையில் டீசல் பம்ப் இறக்குகிறார்கள். லஸ்கர் (கால்வாய்க் காவலர்) ஒருவர் பதினைந்து கி.மீ. நடந்து பார்த்து வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். மடைகளுக்குக் கீழே சிறு தடுப்புச் சுவர் கட்டி நீர்மட்டத்தை நிலைப்படுத்துவதும், ஒவ்வொரு கிளையின் தலையிலும் அளவுகோல் பலகை வைத்து அதன் எண்ணைக் கடைமடைக்காரர் கைப்பேசிக்கே அனுப்புவதும் நடைமுறையில் பலன் தரும். மேலே இருப்பவரைக் கண்காணிக்கக் கீழே இருப்பவரைவிட அக்கறையுள்ள ஆள் கிடையாது.

ஐந்தாம் நாள், சிந்தனூர் தாண்டி மான்வி, ராய்ச்சூர்

செம்மண் போய்க் கரிசல் வந்துவிட்டது. காலை மழைத் தூறலில் செருப்பில் ஒட்டிய மண் இரண்டு கிலோ இருக்கும்.

கரிசலில் கால்வாய் வெட்டுவது தனிக் கலை. நனைந்தால் வீங்கும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் நேரடியாகக் கான்கிரீட் பூசினால், முதல் இரண்டு மூடல் பருவத்தில் பலகை பலகையாகத் தூக்கிவிடும். அதற்காகக் கான்கிரீட்டுக்கும் கரிசலுக்கும் நடுவே ஒட்டும், ஆனால் வீங்காத மண்ணை அடுக்குகிறார்கள். தளத்தில் சொல்லும் பெயர் சி.என்.எஸ். மண். பெரிய கால்வாய்க்கு அதன் தடிமன், வீக்க அழுத்தத்தைப் பொறுத்து 75 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை. கிடைக்கும் இடம் தூரமாக இருந்தால் லாரி வாடகை மதிப்பீட்டைத் தின்றுவிடும், ஒப்பந்தக்காரர் முதலில் கை வைப்பதும் இதில்தான். சந்தேகம் வந்தால் பலகை ஒன்றின் ஓரத்தில் தோண்டிப் பார்க்கலாம். பழுப்பு மண் ஒரு சாண்தான், அதன் கீழே கருப்பு என்றால் விஷயம் விளங்கிவிடும்.

பூச்சு இல்லாத கால்வாயில் நனையும் பரப்பு 10 லட்சம் சதுர மீட்டருக்கு வினாடிக்கு 2 கன மீட்டர் கசியும், பூசியதில் 0.6 என்பது வழக்கமான உத்தேசம். சராசரி நனையும் சுற்றளவு 30 மீட்டர் என்று 227 கி.மீ.க்குப் போட்டால், பூசாவிட்டால் 480 கன அடி, பூசினால் 144. மிச்சம் பெரிதுதான். ஆனால் இந்தக் கணக்கு முதன்மைக் கால்வாய்க்கு மட்டும். உண்மையான இழப்பு வயல் வாய்க்காலில் நடக்கிறது, அங்கே பூச்சும் இல்லை, கணக்கும் இல்லை.

தண்ணீர் வரும் நேரத்தையும் சொல்ல வேண்டும். வினாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் 227 கி.மீ. கடக்க 79 மணி நேரம். அணையில் இன்று திறந்தது கடைசி மடைக்கு நான்காம் நாள். நடுவில் மழை பெய்து தலைமடைக்காரர்கள் எல்லாரும் மடையை மூடினால், மொத்தமும் கீழே திரண்டு வந்து கரையை உடைக்கும். மழை இல்லாமல் எல்லாரும் திறந்தால் கீழே வறட்சி. ஆகக் கடைமடைக்கு இரண்டு நிலைதான்: ஒன்றும் இல்லை, அல்லது வெள்ளம். வழியில் சிறு தாங்கல் குளங்கள் வெட்டி அரை நாள் தண்ணீரைப் பிடித்துவைத்தால் இது பாதி தணியும். அவரவர் நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டுவது அதைவிட வேகமாகப் பலன் தருகிறது.

சிந்தனூரைச் சுற்றி வெள்ளைப் படலம் பூத்த வயல்கள். இது தண்ணீர் இல்லாததன் விளைவு இல்லை, அதிகமானதன் விளைவு. கால்வாய் நீரில் லிட்டருக்கு 0.2 கிராம் உப்பு என்று வைத்தாலும், ஒரு நெற்போகத்துக்கு ஹெக்டேருக்கு 12,000 கன மீட்டர் பாய்ச்சினால் 2.4 டன் உப்பு உள்ளே வருகிறது. நீர் ஆவியாகும், உப்பு தங்கும். நிலத்தடி நீர் ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் ஏறிவிட்டால் மண்ணே திரி மாதிரி உறிஞ்சி மேலே கொண்டுவரும். பள்ளத்து வயல்தான் முதலில் போகும், அதன் சொந்தக்காரர் பெரும்பாலும் மேட்டில் நெல் வைத்தவராக இருக்க மாட்டார்.

வடிகால் வெட்டியிருக்க வேண்டும். மதிப்பீட்டில் பணம் குறையும்போது முதலில் அடிபடும் வரி அதுதான், ஏனென்றால் திறப்பு விழாவுக்கு வடிகால் தேவையில்லை. இப்போது செய்வதானால் துளையிட்ட குழாயை 1 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில், 30 முதல் 60 மீட்டர் இடைவெளியில், சல்லடைத் துணி சுற்றிப் புதைக்க வேண்டும். கங்காவதி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த உவர் நில வேலையை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. மறக்கக் கூடாதது, குழாய் போய்ச் சேரும் ஓடை தூர்ந்திருந்தால் எல்லாம் வீண். குழாய்க்குப் பணம் கிடைத்தவர்களுக்கு ஓடையைத் தூர்வாரக் கிடைப்பதில்லை. உவர் மண்ணுக்கு நல்ல தண்ணீரை விட்டு வடிப்பதே மருந்து. களர் (சோடியம் மிகுந்த மண்) ஏறியிருந்தால் மட்டும் ஜிப்சம். மண் சோதனை இல்லாமல் எல்லா வெள்ளைக்கும் ஜிப்சம் கொட்டுவது பணத்தைக் கொட்டுவது.

மான்வி தாண்டியதும் பருத்தி, துவரை. லோக்கலைசேஷன் வரைபடம் சொன்ன பயிர் கடைசியில் இங்கேதான் கண்ணில் பட்டது. சட்டத்துக்கு அஞ்சி அல்ல, தண்ணீர் வராததால்.

ஆறாம் நாள், மீண்டும் பெங்களூரு

காலை ரயில் நிலையத்திலிருந்து நேராக வீடு. மாலையில் அதே அல்சூர் பெஞ்சில் மிச்சக் கணக்கு.

ஏரி கட்டியபோது கொள்ளளவு சுமார் 133 டி.எம்.சி. இப்போது ஏற்றுக்கொண்டிருக்கும் எண் 105.788. பங்கீடோ மொத்தம் 230: கர்நாடகத்துக்கு 151.49, ஆந்திரத்துக்கு 72, தெலங்கானாவுக்கு 6.51. கொள்ளளவைவிடப் பங்கு பெரிதாக இருப்பது தவறு இல்லை. மழைக்காலத்தில் ஒரு பக்கம் நிரம்பிக்கொண்டே மறுபக்கம் கால்வாயில் போகும். ஆனால் வண்டல் தின்ற 27 டி.எம்.சி. முழுக்க மழைக்காலத்துக்குப் பிந்திய தண்ணீர், அதாவது இரண்டாம் போகம். வண்டல் அடியிலுள்ள பயன்படாத பகுதியில் போய்ப் படியும் என்று பழைய திட்டங்கள் நம்பின. உண்மையில் ஆறு ஏரிக்குள் நுழையும் வாயிலேயே மேடு கட்டுகிறது, பயன்படும் கொள்ளளவைத்தான் முதலில் தின்கிறது.

தூர்வாரலாமே என்று ஒவ்வொரு கோடையிலும் யாராவது கேட்பார்கள். 27 டி.எம்.சி. என்பது 76 கோடி கன மீட்டர். ஒரு டிப்பருக்கு 10 கன மீட்டர், நாளுக்கு ஆயிரம் நடை, ஞாயிறு விடுமுறை இல்லாமல் ஓடினால் இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம் நடை அளவுக்குப் புது வண்டல் வந்து சேரும், நாம் எடுப்பதோ மூன்றே முக்கால் லட்சம்கூட இல்லை. எடுத்த மண்ணைக் கொட்ட இடம் தனி. அதனால்தான் கொப்பள மாவட்டம் நவலியில் வெள்ள நீரைத் தனியாகப் பிடிக்கும் ஈடு செய்யும் ஏரி என்ற யோசனை பேச்சில் இருக்கிறது. அதுவும் ஆந்திரம், தெலங்கானா ஒப்புக்கொள்ளாமல் நகராது.

காவிரியிலிருந்து பெங்களூருக்கு இப்போது ஏற்றும் திறன் நாளுக்கு 222.5 கோடி லிட்டர், ஆண்டுக்கு 28.7 டி.எம்.சி. துங்கபத்திராவில் வண்டல் விழுங்கியதும் ஏறக்குறைய அதே அளவு.

பெஞ்சுக்கு எதிரே அரிசி மண்டி. வாசலில் ராய்ச்சூர் சோனா மசூரி, 25 கிலோ மூட்டை. ஏக்கருக்கு 2.4 டன் நெல், அதில் 1.6 டன் அரிசி என்று போட்டால், ஒரு கிலோவுக்கு வயலில் 3 கன மீட்டர், கால்வாய்த் தலைப்பில் 5. மூட்டைக்கு 125 கன மீட்டர். நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுகோலின்படி அது இரண்டரை ஆண்டுத் தண்ணீர். கடைக்காரர் இரண்டு மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்.